வராத பிள்ளைக்கு 81 புள்ளி



போன தவணை தரம் 9 புள்ளிகளில் நடந்த குளறுபடி பற்றி ஊரில் இரண்டு மூன்று விதமாகக் கதை போகிறது. கம்ப்யூட்டருக்கு வைரஸ் பிடித்ததாம் என்பது ஒன்று. உயர்தரப் பிள்ளைகள் தெரிந்தவர்களுக்குப் புள்ளியைக் கூட்டிப் போட்டார்களாம் என்பது இன்னொன்று. இரண்டும் இல்லை. பிழை எங்களுடையது. எப்படி நடந்தது என்பதை நாங்களே எழுதிவிடுகிறோம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பைதன் படிக்கும் பிள்ளைகள் மட்டும் கடைசிவரை வாசியுங்கள், இது உங்களுடைய பாடம்.

நாங்கள் என்றால் கணினி அறையில் இருக்கும் ஐந்து பேர். தரம் 12 பிள்ளைகள் நால்வர், தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர். யார் எந்த வரியை எழுதினார் என்று இதில் சொல்லப்போவதில்லை. ஐந்து பேரும் பார்த்தோம், ஐந்து பேரும் சரி என்றோம்.

ஒவ்வொரு தவணையும் வகுப்பாசிரியர்கள் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். முப்பத்தெட்டு பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் புள்ளி எழுத வேண்டும். கல்குலேட்டரில் கூட்ட வேண்டும், சராசரி எடுக்க வேண்டும், முதலாம் பிள்ளை இரண்டாம் பிள்ளை என்று நிலை போட வேண்டும். இரவு பதினொரு மணிக்கும் முடியாது. எங்கள் பிள்ளைகள் நால்வரும் அப்போதுதான் ஃபோர் லூப், வைல் லூப் எல்லாம் படித்து முடித்திருந்தார்கள். பாடநூலில் அதற்கு மீள்செயல் என்று பெயர். "சேர், இத நாங்க பைதன்ல செஞ்சி குடுப்பமா?" என்று கேட்டார்கள். எந்த ஆசிரியர் வேண்டாம் என்பார்?

முதல் நிரல் பதினைந்து வரிதான். பெயர்ப் பட்டியலை எடுக்கும், ஒவ்வொரு பெயராகக் காட்டிப் புள்ளி கேட்கும், நீங்கள் தட்டுவதை எண்ணாக மாற்றிச் சேர்த்துவைக்கும், முப்பத்தெட்டும் முடிந்ததும் கோப்பில் எழுதும். ஒரு பாடத்துக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் மாறி மாறித் தட்டிப் பார்த்தோம். 45, 67, 90, 33. ஒரு பிரச்சினையும் வரவில்லை. வராது. நிரலை எழுதியவனுக்கு அதற்கு என்ன பிடிக்கும் என்று தெரியும், பிடித்ததை மட்டுமே கொடுப்பான். நாங்கள் பரீட்சித்தது நிரலை அல்ல, எங்களுடைய நல்ல பழக்கத்தை.

அடுத்த நாள் தரம் 9 வகுப்பாசிரியை பதிவேட்டோடு வந்தார். இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வுபெறப்போகிறவர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு விரலால் தட்டுவார். முப்பதாவது பெயர்வரை அழகாகப் போனது. முப்பத்தோராவது பிள்ளை பரீட்சைக்கு வரவில்லை. பதிவேட்டில் வழமைபோல ஏபி என்று இருந்தது. டீச்சரும் ஏபி என்றே தட்டினார்.

திரையில் சிவப்பு எழுத்து நாலு வரி. கடைசி வரியில் வேல்யூ எரர். நிரல் நின்றுவிட்டது. அதோடு, லூப் முடிந்த பிறகுதான் கோப்பில் எழுதச் சொல்லியிருந்ததால், தட்டிய முப்பது பேரின் புள்ளியும் போய்விட்டது.

டீச்சர் ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பரவால்ல மகன், நான் கல்குலேட்டர்லயே கூட்டிக்கிறன்" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பைதனில் இன்புட் என்று கேட்டால் பாவனையாளர் எதைத் தட்டினாலும் அது எழுத்துச் சரமாகத்தான் வரும். 67 என்று தட்டினாலும் அது ஆறு என்ற எழுத்தும் ஏழு என்ற எழுத்தும்தான். கூட்டிக் கழிக்க வேண்டுமென்றால் இன்ட் என்பதற்குள் போட்டு எண்ணாக மாற்ற வேண்டும். மாற்ற முடியாத ஒன்றைக் கொடுத்தால் அது ஊகிக்காது, கையை விரித்துவிடும். தரம் 10, 11 இல் பாஸ்கல் படித்தவர்களுக்கு இதே அனுபவம் வேறு உடுப்பில் வந்திருக்கும். அங்கே எண் கேட்ட இடத்தில் எழுத்தைத் தட்டினால் ஓட்டநேர வழு 106 என்று காட்டிவிட்டு நிரல் நின்றுவிடும். இப்படி நிற்பதைத்தான் நாங்கள் அன்று பெரிய குற்றமாக நினைத்தோம். இப்போது அப்படி நினைப்பதில்லை.

அன்றிரவே இரண்டாம் பதிப்பு தயார். எண்ணாக மாற்றும் வரியை ட்ரை என்பதற்குள் வைத்து, கீழே எக்செப்ட் போட்டு, அதற்குள் பாஸ் என்று ஒரு சொல். வழு வந்தால் ஒன்றும் செய்யாதே, போய்க்கொண்டிரு என்பது அதன் பொருள். காலையில் ஓட்டிப் பார்த்தோம். ஏபி என்று தட்டினோம், நிற்கவில்லை. பெயரைத் தட்டினோம், நிற்கவில்லை. வெறும் என்டர் அழுத்தினோம், அதற்கும் நிற்கவில்லை. கை தட்டினோம் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

டீச்சரைத் திரும்ப அழைத்தோம். பாவம், வந்தார். இரண்டு வகுப்புப் புள்ளியும் இரண்டு நாளில் ஏறியது. அச்சுத் தாளைப் பார்த்துத் தேர்ச்சி அறிக்கைகள் எழுதப்பட்டன. அதிபர் ஒன்றுகூடலில் பிள்ளைகள் நால்வரையும் மேடைக்கு அழைத்துப் பாராட்டினார்.

மூன்று நாள் கழித்து, இடைவேளையில், தரம் 9 பிள்ளை ஒருவர் கணினி அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் தேர்ச்சி அறிக்கை.

"சேர், நான் மெத்ஸ் எழுதல்ல. அன்டைக்கு உம்மாவோட ஆஸ்பத்திரில நின்ட. இதுல 81 என்டு போட்டிரிக்கி."

வாங்கிப் பார்த்தோம். கணிதம் 81. வகுப்பில் மூன்றாம் பிள்ளை.

"வாப்பா கட்டார்ல. உம்மா ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. வாப்பா ரூம்ல உள்ள எல்லாருக்கும் காட்டிட்டாராம்." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இப்ப என்ன சேர் செய்ற?" என்றார்.

அந்தப் பிள்ளை வராமலே இருந்திருக்கலாம். நல்ல புள்ளி கிடைத்தவர் யார் வந்து முறையிடுவார்? வந்து நின்றதற்காக அவருக்கு நாங்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.

81 எங்கிருந்து வந்தது? பட்டியலில் அவருக்கு முந்தின பெயருக்குரிய பிள்ளை எடுத்த புள்ளி 81. மாறி என்பதை ஒரு கோப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய தேநீர் ஊற்றும்போது பழையது போய்விடும். ஊற்றும்போது கை தவறினால் கோப்பை வெறுமையாகாது, முன்னவர் மிச்சம் வைத்தது அப்படியே இருக்கும். எண்ணாக மாற்ற முடியாமல் வழு வந்ததும், எக்செப்ட் பகுதி ஒன்றும் செய்யாமல் விட்டது. அடுத்த வரி கோப்பையில் இருந்ததை எடுத்து இந்தப் பிள்ளையின் பெயரில் எழுதியது. திரையிலோ ஏபி தட்டியதும் அடுத்த பெயர் வந்தது. டீச்சர் அது ஏற்றுக்கொண்டது என்று நினைத்தார். யார்தான் நினைக்கமாட்டார்?

பட்டியலில் முதலாவது பெயருக்குரியவர் வராமல் இருந்திருந்தால், மாறியே உருவாகியிருக்காது, நிரல் அங்கேயே விழுந்திருக்கும், நாங்கள் பிடித்திருப்போம். இரண்டு வகுப்பிலும் முதலாம் இலக்கக்காரர்கள் ஒரு பாடம் தவறாமல் வந்திருந்தார்கள்.

அன்று பின்னேரம் பதிவேட்டையும் அச்சுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏபி என்று இருக்கும் ஒவ்வொரு இடமாகப் பார்த்தோம். ஐந்து இடம். ஐந்திலும் முந்தினவரின் புள்ளி. அதில் மூன்று பேருடையது நடுத்தரமான புள்ளி, வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நாலாவது அந்தப் பிள்ளை. ஐந்தாவது, அடுத்த வகுப்பில் ஒரு பையன். கணிதத்தில் 14.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "நான் காய்ச்சல் சேர், எழுதல்ல" என்றார். அப்படியென்றால் ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்டோம். வீட்டில் சொன்னாராம். வாப்பா ஆழ்கடல் படகில் போகிறவர், இரண்டு கிழமை கழித்துக் கரைக்கு வந்தபோது 14 ஐத்தான் முதலில் பார்த்திருக்கிறார். உம்மாவுக்கு மகன் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாதது ஞாபகம் இருந்தது, எந்தப் பாடம் என்று தெரியாது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று கேட்டாராம் வாப்பா. சைக்கிளைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு திரும்பக் கடலுக்குப் போய்விட்டார். பையன் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்.

டீச்சரின் கையெழுத்தில் 14 என்று இருந்திருந்தால், அந்த வாப்பா டீச்சரிடம் வந்து ஒரு தடவை கேட்டிருப்பார். அச்சடித்த தாளைப் பார்த்து எழுதியது என்பதால் யாரும் கேட்கவில்லை. டீச்சரே பிறகு சொன்னார்: "கையால எழுதிருந்தா என்ட கை தானா ஏபி என்டு எழுதிரிக்கும் மகன். உங்கட தாளப் பாத்ததுல என்ட மூள நின்டுட்டு."

முதல் நிரல் சிவப்பு எழுத்தைக் காட்டி நின்றபோது நாங்கள் வெட்கப்பட்டோம். இரண்டாவது நிரல் நிற்காமல் ஓடியபோது கை தட்டினோம். முதலாவது யாருக்கும் தீங்கு செய்யவில்லை, முப்பது புள்ளியைத் திரும்பத் தட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகளில் ஒருவர் அன்று, "பாஸ் போட்டதுதான் பிழ, கன்டினியூ போட்டிருந்தா சரி" என்றார். போட்டுப் பார்த்தோம். வழு வந்த பிள்ளையைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனது. பெயர் முப்பத்தெட்டு, புள்ளி முப்பத்தேழு. வராதவருக்குப் பிறகு வரும் அத்தனை பேருக்கும் அவரவருக்கு அடுத்தவரின் புள்ளி. அல்லாஹ் காப்பாற்றினான், அதை நாங்கள் முதலில் போடவில்லை.

மூன்றாவது நிரலுக்கு ஒரு கிழமை எடுத்தோம். இம்முறை விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் டீச்சரிடம் போய், "நீங்கள் தட்டுங்கள், நாங்கள் பக்கத்தில் நின்று பார்க்கிறோம், ஒன்றும் சொல்லமாட்டோம்" என்றோம். அரை மணித்தியாலத்தில் ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டோம். பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்து. 67 க்குப் பதில் விரல் இரண்டு தரம் பட்டு 677. அரைப் புள்ளியோடு 67.5. ஒன்றும் தட்டாமல் என்டர். ஏபி சிறிய எழுத்தில், பெரிய எழுத்தில், பின்னால் ஓர் இடைவெளியோடு, சில இடத்தில் அதற்குப் பதிலாக வெறும் கோடு. 8 க்கு 08.

08 இல் விழும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள், ஏனென்றால் நிரலுக்குள் 08 என்று எண்ணை எழுதினால் பைதன் ஏற்காது. ஆனால் பாவனையாளர் தட்டிய 08 ஐ இன்ட் தாராளமாக 8 என்று எடுத்துக்கொள்கிறது. முன்னும் பின்னும் இடைவெளி இருந்தாலும் பொருட்படுத்தாது. 67.5 ஐ மட்டும் ஏற்காது. ஏபிக்குப் பின்னால் இடைவெளி இருந்தால் அதுவும் சிக்கல், அதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால் இடைவெளியும் ஓர் எழுத்தாகிவிடும். முதலில் ஓரத்து இடைவெளியை வெட்டி, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி, பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. ஒரு பிள்ளை குறும்புக்கு ௬௭ என்று தமிழ் இலக்கத்தில் தட்டிப் பார்த்தார். பைதன் சத்தமில்லாமல் 67 என்று எடுத்துக்கொண்டது. இன்னொருவர் குர்ஆனில் வசன இலக்கமாக வரும் அரபு இலக்கங்களில் தட்டினார், அதற்கும் 67. யுனிகோட்டில் தசம இலக்கம் என்று குறிக்கப்பட்ட எதையும் இன்ட் படித்துக்கொள்ளும். பழைய தமிழ் முறையில் பத்துக்கு ௰ என்று தனி எழுத்து இருக்கிறதே, அதைக் கொடுத்தால் ஏற்காது. அது இலக்கமாகக் குறிக்கப்படவில்லை. அரை மணித்தியாலம் இதில் போய்விட்டது. போகட்டும்.

இரண்டாவது சண்டை வரம்பு பற்றி. புள்ளி பூச்சியத்துக்கும் 100 க்கும் இடையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பக் கேட்க வேண்டும். ஒரு பிள்ளை எழுதினார்: புள்ளி பூச்சியத்தைவிடக் குறைவு அன்ட் 100 ஐ விடக் கூட என்றால் திரும்பக் கேள். 677 தட்டினோம், ஏற்றுக்கொண்டது. ஏன்? பூச்சியத்தைவிடக் குறைவாகவும் 100 ஐ விடக் கூடவும் ஒரே நேரத்தில் இருக்கும் எண் உலகத்தில் இல்லை. அந்தக் காவலாளி யாரையும் மறிக்கமாட்டான். அங்கே ஓர் வர வேண்டும்.

அதே பிள்ளை அடுத்த இடத்தில், "இன்னொரு பாடம் உள்ளிடவா, ஆமா இல்லையா" என்று கேட்கும் லூப்பில், பாடம் படித்துக்கொண்டதாக நினைத்து ஓர் போட்டார். விடை ஆம் அல்ல ஓர் விடை இல்லை அல்ல என்றால் திரும்பக் கேள். நிரல் விடவே இல்லை. ஆம் என்றாலும் கேட்டது, இல்லை என்றாலும் கேட்டது. ஆம் என்று சொன்னால் அது இல்லை அல்லவே, இல்லை என்று சொன்னால் அது ஆம் அல்லவே, எப்படிப் போனாலும் ஒரு பக்கம் உண்மையாகிவிடும்.

இதை டி மோர்கன் விதி என்று தர்க்கப் படலைப் பாடத்தில் எழுதிக் காட்டி மனப்பாடம் செய்யச் சொல்லலாம், வருடா வருடம் செய்கிறோம். ஆனால் அன்று வேறொன்று தோன்றியது. ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டு உம்மா பேசுவதுபோல் சொல்லிப் பாருங்கள் என்றோம். "அவன் ஆமும் சொல்லல்ல, இல்லையும் சொல்லல்ல, அப்ப திருப்பிக் கேளு." அந்த இரண்டு 'உம்' இருக்கிறதே, அதுதான் அன்ட். "புள்ளி பூச்சியத்துக்குக் கீழ போனாலோ நூறுக்கு மேல போனாலோ திருப்பிக் கேளு." அந்த இரண்டு 'ஓ' தான் ஓர். பேச்சுத் தமிழில் ஒரு பிள்ளையும் பிழை விடவில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றும்போதுதான் கை மாறுகிறது. இப்போது எந்த நிபந்தனையையும் முதலில் வாயால் சொல்லி, உம் எங்கே ஓ எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

மூன்றாவது பேச்சு நீண்டுபோனது. வராதவருக்கு என்ன பதிவது? பூச்சியம் போட்டால் கூட்டல் சுகம், லூப்பும் எளிது என்றார் ஒருவர். டீச்சர் பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவில்லை. "பூச்சியம் எடுத்தவன் வந்து ரெண்டு மணித்தியாலம் இரிந்து எழுதினவன். அவனையும் வராதவனையும் ஒன்டாக்காதங்க." அதற்குப் பிறகு பேச்சில்லை. வராதவருக்குத் தனிக் குறி. சராசரி எடுக்கும்போது அதைக் கூட்டவும் மாட்டோம், பாட எண்ணிக்கையில் சேர்க்கவும் மாட்டோம், நிலை போடும் இடத்தில் டீச்சர் தீர்மானிக்கட்டும் என்று வெறுமையாக விடுவோம்.

பூச்சியம் சின்ன விடயம் இல்லை என்பதற்குப் பிள்ளைகளிடம் ஒரு கதை சொன்னோம். 1997 செப்டெம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யோர்க்டவுன் என்ற போர்க்கப்பலில் ஒருவர் தரவுக் களம் ஒன்றில் பூச்சியத்தை உள்ளிட்டார். மென்பொருள் அதை அப்படியே வாங்கி அதனால் வகுக்கப்போய், வழு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவி, உந்து இயந்திரங்கள் நின்று, கப்பல் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கடலில் மிதந்தது. "அப்ப எங்கட 81 பரவால்ல சேர்" என்றார் ஒருவர். பரவாயில்லை இல்லை என்றோம்.

கடைசியாக வந்த வடிவம் இது. நிரல் மொழியில் எழுதினால் பலருக்கு விளங்காது, போலிக் குறிமுறையில்:

ஒவ்வொரு பிள்ளைக்கும்:
சரியான விடை கிடைக்கும்வரை:
பெயரைக் காட்டிப் புள்ளி கேள்
ஓர இடைவெளியை வெட்டு, பெரிய எழுத்தாக்கு
ஏபி என்றால்: வரவில்லை எனப் பதி, லூப்பை விட்டு வெளியேறு
எண்ணாக மாற்றிப் பார், முடியாவிட்டால்: காரணம் சொல், திரும்பக் கேள்
பூச்சியத்துக்குக் கீழோ 100 க்கு மேலோ என்றால்: காரணம் சொல், திரும்பக் கேள்
புள்ளியைப் பதி, லூப்பை விட்டு வெளியேறு
பதிந்ததை உடனே கோப்பில் எழுது

பிள்ளைகள் கவனிக்க வேண்டியது, லூப்புக்குள் இன்னொரு லூப் இருக்கிறது. வெளி லூப் பிள்ளைகளை எண்ணுகிறது, உள் லூப் விடைக்காகக் காத்திருக்கிறது. நாங்கள் முதல் இரண்டு தடவையும் விட்ட பிழை, எண்ணுகிற வேலையையும் காத்திருக்கிற வேலையையும் ஒரே லூப்பிடம் கொடுத்தது. கேள்வி உள் லூப்புக்கு உள்ளே இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். வெளியே வைத்துவிட்டு உள்ளே சரிபார்ப்பை மட்டும் வைத்தால், பிழையான ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டு நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். திரை நிறைய ஒரே வசனம் ஓடும். பல்கலைக்கழகத்தில் சீ மொழி படித்தவர்களுக்கு இதன் மாமா ஒருவரைத் தெரிந்திருக்கும். அங்கே ஸ்கேன்எஃப் எண் கேட்ட இடத்தில் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்து வாசலிலேயே நின்றுவிடும். கேள்வி உள்ளே இருந்தாலும் அடுத்த சுற்றில் அதே எழுத்துத்தான் திரும்ப அகப்படும். அதை எடுத்து வெளியே எறியும்வரை விடிவில்லை.

எக்செப்ட் என்று தனியே விடாமல் வேல்யூ எரர் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். தனியே விட்டால் எல்லா வழுவையும் விழுங்கும். எங்களுக்கு ஒரு தடவை கொன்ட்ரோல் சீ அழுத்தியும் நிரல் நிற்கவில்லை. நிறுத்து என்று நாங்கள் சொன்னதையும் அது ஒரு வழுவாக எடுத்து விழுங்கிவிட்டு, அடுத்த புள்ளியைக் கேட்டது. ஜன்னலையே மூடித்தான் வெளியே வந்தோம். ட்ரை பகுதிக்குள் எண்ணாக மாற்றும் அந்த ஒரு வரியை மட்டும் வையுங்கள். பத்து வரியை உள்ளே வைத்தால் எந்த வரி வழுக்கியது என்று தெரியாது.

இன்னொன்று, திரையில் என்ன சொல்வது என்பது. பிள்ளைகள் முதலில் எழுதியது "தவறான உள்ளீடு!!!" மூன்று ஆச்சரியக்குறி. டீச்சர் அதைப் பார்த்து, "என்ன தவறு என்டு சொல்லாம சத்தம் மட்டும் போட்டா எப்படி?" என்றார். இப்போது இப்படிச் சொல்கிறது: "677 என்று வந்தது. 0 தொடக்கம் 100 வரை முழு எண் தேவை. பிள்ளை வரவில்லையென்றால் ஏபி." தட்டியதைத் திரும்பக் காட்டியதும் டீச்சருக்கே விரல் எங்கே பட்டது என்று தெரிந்துவிடுகிறது.

67 க்குப் பதிலாக 76 என்று தட்டினால் இந்த நிரல் பிடிக்காது. எந்த நிரலும் பிடிக்காது, இரண்டும் நல்ல புள்ளிதான். அதற்காக ஒருவர் தட்ட இன்னொருவர் பதிவேட்டைப் பார்த்து வாசிக்கிறார். முடிந்ததும் அச்சுத் தாளைத் திரும்ப ஒரு தடவை பதிவேட்டோடு ஒப்பிடுகிறார்கள். அது டீச்சர் போட்ட சட்டம்.

திருத்திய அறிக்கைகள் ஐந்தையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதலில் வந்த பிள்ளையின் உம்மா கட்டாருக்கு எங்கள் முன்னாலேயே அழைப்பெடுத்தார். பிழை பள்ளிக்கூடத்துடையது, உங்கள் மகள்தான் வந்து சொன்னார் என்று சொன்னோம். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி சேர், அத நான் ரூம்ல உள்ளவங்களுக்குச் சொல்றன்" என்றார்.

பையனின் வாப்பா அப்போதும் கடலில். கரைக்கு வந்த மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தோம். கணினி அறையில் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்து, "அந்தச் சாமானக் காட்டுங்க, நானும் ஒருக்கா தட்டிப் பாக்கன்" என்றார். தட்டினார். வெறும் என்டர், பிறகு 500, பிறகு ஏதோ எழுத்துகள். ஒவ்வொரு தடவையும் அது காரணம் சொல்லித் திரும்பக் கேட்டது. பத்துத் தடவைக்கு மேல் போயிருக்கும். கடைசியில் எழும்பி, சட்டைப் பையிலிருந்து சைக்கிள் திறப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அவன் எந்த வகுப்பு?" என்று கேட்டார்.

நிரல் வேண்டிய ஆசிரியர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், அனுப்புகிறோம். காசு ஒன்றும் இல்லை. பாவிக்கும்போது விழுந்தால், அந்த நேரத்தில் என்ன தட்டினீர்கள் என்பதை அப்படியே, இடைவெளி உட்பட, எழுதி அனுப்புங்கள்.